அம்பாசிடர் இன்ஜின் கட்டியாச்சு, ஐடில் (மிதிக்காம மெதுவா ஓடுறது) நிக்க மாட்டேங்குது - அவசரம்

வெள்ளை_அம்பி: பெட்ரோல் அம்பாசிடர். போர் பண்ணி (சிலிண்டரைக் கடைஞ்சு) புது பிஸ்டன், புது கேம் (வால்வைத் திறக்கிற தண்டு), கார்ப்பும் (கார்புரேட்டர்) மாத்தியாச்சு. சோக் (பெட்ரோலைக் கூட்டுறது) இழுத்தா ஓடுது, உள்ள தள்ளினா நின்னுடுது. திடீர்னு மிதிச்சா கார்ப் வழியா பட் பட்னு அடிக்குது. மிக்சர் ஸ்க்ரூ (ஐடில்ல பெட்ரோல் அளவு வைக்கிறது) எவ்வளவு திருகினாலும் மாற்றம் இல்ல. ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்கணும். எந்த ஸ்க்ரூவை எவ்வளவு வைக்கணும்?

டேப்பட்15: எந்த கார்ப்? சோலெக்ஸா, எஸ்யூவா? 1489 சிசி பிஎம்சி தானே, இசுசு இல்லையே?

லேத்_பட்டறை: டைமிங் லைட் (ஸ்பார்க் விழுற நேரம் பார்க்கிற விளக்கு) போட்டீங்களா? பிரேக் சர்வோ (பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டர்) இருக்கா? இருந்தா இன்ஜின்ல இருந்து அதுக்குப் போற ஓஸை ப்ளையர்ல நசுக்கிப் பிடிச்சுப் பாருங்க. இன்ஜின் நிதானமானா சர்வோவில ஏர் இழுக்குது.

பழைய_கை: "கார்ப் மாத்தியாச்சு"ன்னா யாருக்குத் தெரியும் தம்பி? டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்ற மாதிரி இருக்கு. முதல்ல டேப்பட் (வால்வு இடைவெளி), அப்புறம் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டர் காண்டாக்ட் இடைவெளி), அப்புறம் டைமிங், கடைசியாத்தான் கார்ப். இந்த வரிசை தெரியாம ஸ்க்ரூ டிரைவரைத் தொடக் கூடாது.

வெள்ளை_அம்பி: சாரி. பிஎம்சி 1489. வெபர் 32/36 கார்ப், செகண்ட் ஹேண்ட். டேப்பட் 15 தௌ (ஒரு தௌ = இன்ச்சில ஆயிரத்துல ஒண்ணு), பாயிண்ட் 15 தௌ, டைமிங் ஓகே. ஸ்லோ ஸ்க்ரூ (ஐடில் வேகம் வைக்கிறது) 4 சுத்து உள்ள இருக்கு, இல்லேன்னா ஐடில் நிக்காது.

டேப்பட்15: இங்கதான் விஷயம். 4 சுத்துல த்ராட்டில் தகடு (காத்தைத் திறந்து மூடுறது) ஐடில் துளையைத் தாண்டி மேல இருக்கிற ப்ரொக்ரெஷன் துளைகளை (மிதிக்க ஆரம்பிக்கும்போது பெட்ரோல் தர்றது) திறந்துடும். பெட்ரோல் அது வழியா போகும்போது மிக்சர் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்ல. ஸ்லோ ஸ்க்ரூவை முழுசா வெளிய எடுத்து, லிவரைத் தொடுற இடத்துல இருந்து ஒண்ணரை சுத்துக்கு மேல போகாதீங்க. மிக்சர் ஸ்க்ரூவை மெதுவா உட்கார வச்சு (இறுக்கினா ஊசி முனையில தழும்பு விழும்) 2 சுத்து வெளிய. நல்லா சூடானப்புறம், தடுமாறுற வரைக்கும் உள்ள திருகி, திரும்ப கால் கால் சுத்தா வெளிய எடுங்க. 2 சுத்துக்கு மேல போனாத்தான் சீரா ஓடுதுன்னா ஐடில் ஜெட் (ஐடில் பெட்ரோலை அளக்கிற துளை) சின்னது, ஒரு சைஸ் ஏத்தணும். 1 சுத்துக்குள்ளயே சரியானா ஜெட் பெருசு. கார்ப்பைக் கழட்ட வேண்டாம், ஜெட் ஹோல்டர் பக்கவாட்டுலயே இருக்கு. ஜெட் மேல என்ன நம்பர்?

இ20_எதிரி: எல்லாத்துக்கும் காரணம் இப்ப வர்ற பெட்ரோல். எத்தனால் கலந்தா லீன் (காத்து கூடி பெட்ரோல் குறையுறது) ஆகத்தான் செய்யும்.

பழைய_கை: ஒரு கிலோ எரிய வேண்டிய காத்து, சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 கிலோ, இ20-க்கு (20% எத்தனால் கலந்தது) சுமார் 13.5. எட்டு சதவீத வித்தியாசம். அதுக்கெல்லாம் இன்ஜின் ஆஃப் ஆகாது.

இ20_எதிரி: மெயின் ஜெட்டை (ஓட்டத்துல பெட்ரோலை அளக்கிற துளை) 140-லிருந்து 145 ஆக்கினா துளையோட பரப்பு 7 சதவீதம் கூடும். கணக்கு சரியா வருதே?

பழைய_கை: மெயினைப் பெருசாக்கினா ஐடில் சரியாயிடுமா? ஐடில் பெட்ரோலும் மெயின் கிணறு வழியாத்தான் வருது, ஆனா அளவு வைக்கிறது ஐடில் ஜெட்.

இ20_எதிரி: ரப்பர் ஓஸ் ஊறி உப்புறதும் கணக்குல வராதா?

லேத்_பட்டறை: சண்டை அப்புறம். இந்த வண்டிக்கு வெபர் நேரா உட்காராது. அடாப்டர் பிளேட் (கார்ப்புக்கு அடியில வர்ற இணைப்புத் தகடு) எங்க போட்டீங்க? நட்டை ஒரே பக்கமா இறுக்கினா அலுமினியம் வளையும். கழட்டி ஸ்டீல் ஸ்கேல் வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க, 3 தௌ நுழைஞ்சா ஏர் இழுக்கும். பெட்ரோல் பம்ப் எலக்ட்ரிக்கா? வெபருக்கு 3 பிஎஸ்ஐ போதும், மூணரை தாண்டினா ஊசி வால்வைத் தள்ளிட்டு வழியும்.

இன்னொண்ணு: புது இன்ஜினை சோக்கில் மணிக்கணக்கா ஓட்டாதீங்க. பெட்ரோல் சிலிண்டர் சுவத்து ஆயிலைக் கழுவிடும், ரிங் உட்காராது. டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா ஆயிலை மாத்திடுங்க. புது கேமுக்கு முதல் 20 நிமிஷம் 2000 ஆர்பிஎம்ல ஓட்டினீங்களா, ஐடில்லயே விட்டீங்களா?

வெள்ளை_அம்பி: அடாப்டர்தான். 4 தௌ நுழைஞ்சது. கண்ணாடி மேல எமெரி வச்சுத் தேய்ச்சு புது பேக்கிங் போட்டாச்சு. ஐடில் ஜெட் 50 இருந்துச்சு, 60 போட்டேன். ஸ்லோ ஸ்க்ரூ ஒரு சுத்து, மிக்சர் ஒண்ணேமுக்கால், 800 ஆர்பிஎம்ல ஐடில் நிதானமா ஓடுது. நன்றி.

லேத்_பட்டறை: சந்தோஷம். கேம் கேள்விக்குப் பதில் வரலையே?

இ20_எதிரி: 60 போட வேண்டி வந்துச்சுல்ல? லீன்னு நான் சொன்னேனே.

டேப்பட்15: பட் பட் நின்னுச்சா? டைமிங் "ஓகே"ன்னா எத்தனை டிகிரி, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வேக்கும் ஓஸைக் கழட்டி அடைச்சுட்டுப் பார்த்ததா?