ரோமர் 8:28 – உங்களுக்கு யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள்?

சாயர்புரத்துக்காரி

என் கணவர் 2021 மே மாதம் இறந்தார். வயது 44. சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மற்ற நேரம் கல்யாண சவாரி, வேளாங்கண்ணி சவாரி. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியதும் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் காய்கறி ஏற்றினார். அப்படி ஏற்றப் போன இடத்தில்தான் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அந்த வருடப் பிறப்பு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அந்த வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்தது, இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சங்கீதம் 121:8. "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." டிரைவருக்கு இதைவிட வேறென்ன வசனம் வேண்டும்? சிரித்துக்கொண்டே கொண்டுவந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டினார்.

காய்ச்சல் ஆரம்பித்து ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் முழுக்க மூடிய உடையில் நான்கு பேர், தூரத்தில் நின்று ஜெபித்த எங்கள் சபை ஐயர், நானும் மகனும். பத்து நிமிடம்.

அதற்கப்புறம் போன் வர ஆரம்பித்தது. அழைத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னது வேதாகமத்தின் அதே வசனம், ரோமர் 8:28: சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. "தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கு சிஸ்டர்." சரி, இருக்கட்டும். அதை என்னிடம் சொன்னவர்கள் வீட்டில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வசனம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் தனிமையில் இருந்த நாட்களில் இரண்டு வேளையும் தூக்குவாளியை மதில்மேல் வைத்துவிட்டு, "ரசம் இருக்கு, ஆறதுக்குள்ள எடுத்துக்கோம்மா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

விசுவாசத்தை விட்டுவிட்டாயா என்று யாரும் கேட்க வேண்டாம். விடவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். அந்த ஒரு வசனத்தை வாசிக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? அந்த வசனம் உங்களுக்கு எப்போது வந்தது, எப்படி வந்தது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

*

தூத்தூர் கரை

அக்கா, நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்களுக்கு அதே பேச்சு "கடவுளின் திருவுளம்" என்று வரும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போய் சூரையும் சுறாவும் பிடிப்பவர்கள். போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். புயல் எழும்பியபோது அண்ணன் போன விசைப்படகு கரையிலிருந்து சொல்லி அனுப்ப முடியாத தூரத்தில் இருந்தது. டிசம்பரில் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள் தேடுங்கள் என்று ஊரே கத்தியது. அண்ணனின் உடல் கிடைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் படகில் போக வேண்டியவர் அண்ணனே அல்ல. போக இருந்தவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாகத்தான் அண்ணன் ஏறினான். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டார் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தக் காய்ச்சலை அவருக்குக் கடவுள் கொடுத்தார் என்றால், எங்கள் வீட்டுக்குக் கொடுத்தது என்ன? அன்றைக்குப் பூசைக்குப் போகாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அரசு 20 லட்சம் கொடுத்தது. அதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர் ஒருவர், "பார்த்தாயா, கடவுள் கைவிடவில்லை" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு வருடம்வரை நினைவுத் திருப்பலி வைக்க அம்மா சம்மதிக்கவே இல்லை. வைத்தால் அவன் செத்தது நிஜமாகிவிடுமாம்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் அந்த மனிதர் வந்தார். காய்ச்சலில் தப்பியவர். திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "அம்மா, நான் ஏன் இருக்கேன்னு எனக்குத் தெரியல்ல" என்றார். அம்மா கட்டன் சாயா போட்டுக் கொடுத்து, "குடி, மக்களே" என்றார். அந்த வாரம்தான் அம்மாவே ஃபாதரைப் பார்த்துத் திருப்பலிக்குத் தேதி கேட்டார். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டதும் இல்லை.

*

பழைய உபதேசியார்

தங்கச்சி, நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். வசனம் சொன்ன ஆள் நான்.

1994. எனக்கு 26 வயது. வேதாகமப் பயிற்சி முடித்து, தென்காசிப் பக்கம் ஒரு சின்னச் சபையைக் கவனிக்கும் உபதேசியாராகப் போன புதிது. பீடி சுற்றும் வீடு ஒன்றில் பதினோரு மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. நான் போகும்போது குழந்தையை இன்னும் எடுக்கவில்லை. கையில் வேதாகமம் இருந்தது, மனதில் பயம் இருந்தது. துக்க வீட்டில் பேசாமல் நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரோமர் 8:28-ஐ எடுத்து உரக்க வாசித்தேன்.

அந்தப் பெண் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்த நன்மை எப்ப வரும் ஐயா? தேதி சொல்லுங்க, காத்திருக்கேன்" என்றார்.

கோபத்தில் கேட்டமாதிரி இல்லை. நிஜமாகவே தேதி கேட்டமாதிரிதான் இருந்தது. எனக்கு வாய் எழவில்லை.

அதற்குப் பிறகு யோசேப்பின் கதையைப் பலமுறை வாசித்தேன். "நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று ஆதியாகமம் 50-இல் வருகிறதே, அதைப் பிரசங்கிக்காத போதகர் இல்லை. நானும் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். கதை தொடங்கி, அண்ணன்மார் குழியில் போட்டு விற்றுவிடும்போது யோசேப்புக்கு 17 வயது. பார்வோன் முன் நிற்கும்போது 30. செழிப்பான ஏழு வருடம், பஞ்சத்தில் இரண்டு வருடம் போன பிறகு அப்பா யாக்கோபு எகிப்துக்கு வருகிறார், யோசேப்புக்கு 39. யாக்கோபு அங்கே 17 வருடம் வாழ்ந்து இறந்த பிறகுதான் இந்த வார்த்தை வருகிறது. அப்படியானால் யோசேப்புக்குக் கிட்டத்தட்ட 56. குழியிலிருந்து அந்த வார்த்தைக்கு 39 வருடம்!

அதோடு, அதைச் சொன்னவர் யோசேப்பு. சொல்ல உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். குழிக்கு மேலே நின்று அண்ணன்மார் எட்டிப் பார்த்து, "தம்பி, இதில் தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கு" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? நான் அந்தப் பீடி சுற்றும் வீட்டில் செய்தது ஏறக்குறைய அதுதான்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களை நாம் மட்டமாகப் பேசுகிறோம். ஆனால் வந்ததும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வேதம் சொல்கிறது. என்னால் ஏழு நிமிடம் முடியவில்லை. அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டதும் அவர்கள் பேச்சைத்தான்.

அந்த அம்மா இன்னும் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அசனப் பண்டிகையில், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், பார்த்தேன், பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "ஐயா, தேதி இன்னும் வரல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

*

வாரம் மூன்று நாள்

எல்லாரும் அந்த வசனத்தைப் போட்டு அடிப்பதால், அதன் பக்கம் நின்று நான் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

எனக்கு 38 வயது. ஆறு வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த இடம். தடிமனான இரண்டு ஊசி. அது ஏறும் நேரத்தில் நான் மனதுக்குள் சொல்வது ரோமர் 8:28. எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது. முதல் ஊசிக்கு முதல் பாதி, இரண்டாவது ஊசிக்கு மீதி. "அன்றியும்" என்று அது தொடங்குவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சுக்குள் நான் நுழைகிறமாதிரி இருக்கும்.

ஆரம்பத்தில் நான் போன சபையில் சுகத்துக்காக உபவாசம் போட்டார்கள், முழு இரவு ஜெபம் வைத்தார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு இறங்கவில்லை. அப்புறம் "விசுவாசக் குறைவு" என்ற பேச்சு எழுந்தது. பாவம், அவர்களுக்கும் ஏதாவது ஒரு காரணம் வேண்டும்தானே. நான் வேறு சபைக்கு மாறிவிட்டேன், சண்டை எதுவும் இல்லை.

எங்கள் வீட்டுக் காலண்டரில் எரேமியா 29:11. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வருமே, அதுதான். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருவது. எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் 70 வருடம் ஆன பிறகுதான் சந்திப்பேன் என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களிடம்தான் கர்த்தர் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு அந்த 70 வருடம்தான் ஆறுதல்.

கொல்லையில் வாழை வைத்திருக்கிறேன். எனக்குப் பொட்டாசியம் ஆகாது, ஒரு பழம்கூடத் தொட முடியாது. தார் பக்கத்து வீடுகளுக்குப் போகிறது.

ராத்திரி தூங்கப் போகும்முன் இடது கையைக் காதோரம் வைத்துக் கேட்பேன். ஃபிஸ்டுலா வேலை செய்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும். கேட்டால் போதும். அதற்குமேல் ஜெபம் நீளமாகப் பண்ணுவதில்லை.

*

ஆச்சியின் பேத்தி

உபதேசியார் ஐயா எழுதியதைப் படித்ததும் டோனாவூர் ஞாபகம் வந்தது. எங்கள் ஆச்சி அங்கே வளர்ந்தவர். அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், பெற்றவர்கள் இல்லாத, தேவதாசியாகக் கோயிலுக்கு விடப்பட இருந்த எத்தனையோ பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில் கிடந்தார். அந்தப் படுக்கையில் இருந்துகொண்டே நிறைய எழுதினார். "விழுந்ததால்தானே எழுதினார், அதுதான் தேவ நோக்கம்" என்று கூட்டங்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் ஆறுதல் தனக்கு உதவவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதனால்தான் படுத்திருப்பவர் படுத்திருப்பவர்களுக்கு எழுதுவதாக எழுதினார். அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறைமேல் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் இருக்கிறது.

*

நீட் அம்மா

இவ்வளவு பெரிய துக்கங்களுக்கு நடுவில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் மகள் நீட்டில் தேறவில்லை. சபையில் ஆளாளுக்கு வந்து "தேவனுக்கு வேறே திட்டம் இருக்கு" என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள், "அம்மா, நான் இயற்பியல் படிக்கவே இல்ல, அதுக்குப் போய் ஆண்டவரை ஏன் இழுக்கிறாங்க?" என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை.

*

சாயர்புரத்துக்காரி

எல்லாருக்கும் நன்றி. தூத்தூர் தம்பி எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். டயாலிசிஸ் தம்பி, அந்த வசனம் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். உங்கள் வாயிலிருந்து வந்தால் எனக்குத் தலை குனியவில்லை. ஐயா, அந்த அம்மாவை அடுத்த அசனத்தில் பார்த்தால் என் சார்பில் விசாரியுங்கள்.

வேன் என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 2022-இல் விற்றுவிட்டேன். மகன் வேண்டாம் என்றுதான் சொன்னான், ஆனால் தவணை பாக்கி நின்றது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவர் வாங்கினார், இந்துப் பையன். சாவியைக் கொடுக்கும்போது முன்னால் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டி, "அக்கா, இதை எடுத்துத் தரட்டுமா, வீட்டில் வச்சிக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்தேன். வரவில்லை. வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. கிழித்து எடுக்க மனம் வரவில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்த வேன் நின்றது. பூமாலை, எலுமிச்சம்பழம், மிளகாய் எல்லாம் தொங்குகிறது, அட்டையும் அப்படியே இருக்கிறது. எழுத்து வெளுத்துவிட்டது. "புதுசு ஒன்று தரட்டுமா தம்பி?" என்றேன். "இதே இருக்கட்டும்க்கா, ராசியான வண்டி" என்றார்.

ராசி! என்ன சொல்வதென்று தெரியாமல் கதவைத் தட்டி, "பார்த்துப் போப்பா" என்று மட்டும் சொன்னேன். வண்டி நிறைய ஆட்கள். திருச்செந்தூர் சவாரியாம்.