க்ஸிஃபோஸ்: இந்த வாளுக்குப் பூர்வீகம் எது?

வணக்கம். பழைய கிரேக்கம் படித்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். ஹோமர் காவியங்களில் வாளுக்கு 'க்ஸிஃபோஸ்' என்றொரு பெயர். கேட்டதும் வாளைக் குறிக்கும் அரபுச் சொல் 'ஸைஃப்' நினைவுக்கு வரும்; இரண்டும் ஒரே சொல் என்பார்கள் சிலர். பழைய எகிப்தியச் சொல் ஒன்றையும் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் கி.மு. 1200 வாக்கில் கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் எழுதிய களிமண் பலகை ஒன்று இடிக்கிறது. அதில் இரண்டு வாள்களுக்கான கணக்கு, 'க்வி-ஸி-பெ-எ' என்று, அதாவது 'க்ஸிஃபோஸ்' என்பதன் பழைய வடிவத்தில்; பக்கத்திலேயே வாளின் படம். அந்த முதல் 'க்வ' ஒலி 'ஸைஃப்'பில் இல்லையே, எங்கிருந்து முளைத்தது?

கிரேக்கருக்கு முந்தைய மொழியின் மிச்சம் என்கிறார்கள் சிலர். சௌகரியமான பதில்தான், எனக்குத் திருப்தியில்லை. இதை அலசும் நல்ல கட்டுரை, புத்தகம் தெரிந்தால் சொல்லுங்கள். ஜெர்மனில் இருந்தாலும் பரவாயில்லை. தமிழ்ச் 'சீவு'தலோடு முடிச்சுப் போடுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து பொறுத்தருள்க!