தோத்த பிறகு நன்றி சொல்லப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

உள்ளாட்சித் தேர்தல்ல நின்னு தோத்தவங்க, அவங்களுக்காக அலைஞ்சவங்க இருந்தா எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

சிவகங்கை மாவட்டத்துல ஒரு கிராம ஊராட்சி. 2019 டிசம்பர் தேர்தல்ல தலைவர் பதவி பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. பூட்டு சாவிச் சின்னத்துல நின்னேன். ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. யார் எந்தக் கட்சின்னு ஊருக்கே தெரியும், அது வேற. 2020 ஜனவரி 2 எண்ணிக்கை. பெட்டியைக் கொட்டி, நாலு பதவிச் சீட்டையும் கலர் கலராப் பிரிச்சு, எங்க ரோஸ் சீட்டை அம்பது அம்பதாக் கட்டி எண்ணி முடிக்க நடுச்சாமம் தாண்டிருச்சு. 41 ஓட்டுல போச்சு.

மறுநாளே நன்றி சொல்லக் கிளம்பிட்டோம். ஓட்டுக் கேட்டுப் போனப்ப ஆரத்தித் தட்டோட நின்ன வீடுங்க, இப்ப பாதிக் கதவைத்தான் திறக்குது. ஒரு அப்பத்தா என் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துக்கிட்டு, "ஏத்தா, வாசல்ல நின்னு 'எனக்குப் போட்டதுக்கு நன்றி'ன்னு சத்தமாச் சொல்லிப்புடாத. நாளைக்கு நூறு நாள் வேலைக்கும் தண்ணிக் குழாய்க்கும் நாங்க அவுகளைத்தானே பாக்கணும்"னுச்சு.

தோத்தவ நன்றி சொல்றதுல இருக்குற சிக்கலே இதுதான். ஜெயிச்சவங்க யாருக்கு நன்றி சொன்னாலும் அந்த வீட்டுக்குப் பெருமை. நாம பேரைச் சொன்னா அந்த வீட்டுக்குப் பகை. பெட்டியில ரகசியமாப் போட்டதை நாமளே தெருவுல போட்டு உடைக்கலாமா? அதுக்கப்புறம் ஒரு வீடு விடலை. எனக்குப் போட்டிருக்கவே மாட்டாங்கன்னு தெரிஞ்ச வீட்டுலயும் ஏறி, "தேர்தல் சண்டை சச்சரவு இல்லாம முடிஞ்சுச்சு, எல்லாருக்கும் நன்றி"ன்னு ஒரே பாட்டு. ஜெயிச்சவங்க வீட்டுலயும் அதேதான். அவங்க மாமியார் காபி போட்டுக் குடுத்தாங்க, நல்ல காபி.

ஓட்டுச்சாவடியில எனக்கு ஏஜென்ட்டா உக்காந்த பசங்க கதைதான் வேற. அவங்க முகம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு, மறைக்க ஒண்ணுமில்லை. அவங்க தெருவுல லைட் எரியலைன்னா ஊராட்சி ஆபீசுக்கு மனு எழுதிக்கிட்டுப் போனது நான்தான். வாய் வார்த்தையா நன்றி சொன்ன ஞாபகமே இல்லை.

2025 ஜனவரி 5-ல பதவிக்காலம் முடிஞ்சு, தலைவருக்குப் பதிலா ஊராட்சியைப் பாக்கத் தனி அலுவலர்னு ஒரு அதிகாரி வந்தாரா, அப்பப் பாக்கணுமே! ரேஷன் கடை வரிசையில, கோயில்ல, பஸ்ல, "இப்பச் சொல்றேன், அன்னைக்கு உனக்குத்தான் போட்டேன்"னு ஆளாளுக்குக் காதுல வந்து சொல்றாங்க. கூட்டிப் பாத்தா நான் ஜெயிச்சிருக்கணும்!

பதில்:

அக்கா, உங்களுக்காவது சந்தேகத்தோட பலன் இருந்துச்சு. நான் 2022-ல பேரூராட்சி வார்டுக்குச் சுயேச்சையா நின்னவன். மெஷின் ஓட்டு, பூத் வாரியா நம்பர் வந்துரும். எங்க தெரு பூத்துல எனக்கு விழுந்தது, அந்த பூத்துல ஓட்டு உள்ள எங்க சொந்தக்காரங்க எண்ணிக்கையை விடக் கம்மி. ஆறுல ஒரு பங்கு தேறாததால டெபாசிட் 1,000 ரூபாயும் காலி. ஆனா சாயங்காலம் வந்த ஒவ்வொருத்தரும், "எங்க வீட்டு ஓட்டு பூரா உனக்குத்தான் மாப்ளே"ன்னாங்க. கணக்கு உதைக்குது, இருந்தும் எல்லாருக்கும் கும்பிடு போட்டேன். என்ன செய்யறது, நாளைக்கு இவங்க வீட்டு விசேஷத்துக்குப் போகணுமே. பெரிய அத்தை மட்டும், "நான் போடலைடா, உன்னை எதுத்து நின்ன பொண்ணு என் கூட்டாளி மக"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சு. மனசாரக் கும்பிட்டது அத்தையை மட்டும்தான்.

பதில்:

நான் நிக்கலைங்க, ஆட்டோ ஓட்டுறேன். மைக் கட்டி விளம்பரம் பண்ற வேலைக்குத் தேர்தலுக்குத் தேர்தல் போவேன். எங்க தொழில்ல ஒரு வழக்கம்: பாக்கியை எண்ணிக்கைக்கு முன்னாடியே வாங்கிடணும். தோத்துட்டா வேட்பாளர் போன் சுவிட்ச் ஆஃப். ஜெயிச்சாலும் சில பேர் எடுக்க மாட்டாங்க, அது தனிக் கதை.

2019-ல எங்க ஊராட்சித் தலைவருக்கு நின்னு தோத்த அண்ணன் ஒருத்தர், முடிவு வந்த மறுநாள் காலையில ஸ்டாண்டுக்கே வந்துட்டாரு. கையில நீள நோட்டு. எனக்கு, மைக் செட்டுக்கு, நோட்டீஸ் ஒட்டின பசங்களுக்குன்னு பைசா பாக்கி வைக்காம எண்ணி வச்சாரு. மாலை, சால்வை ஒண்ணும் இல்லை. "ரசீது குடுப்பா"ன்னு மட்டும் கேட்டாரு. தோத்ததுக்கு என்னத்துக்குண்ணே ரசீதுன்னேன். "34,000-க்குள்ளதான் செலவு பண்ணினேன்னு 30 நாளைக்குள்ள கணக்குக் குடுக்கணும். குடுக்கலைன்னா தகுதி நீக்கம் பண்ணிருவாங்க, அடுத்து நிக்க முடியாது"ன்னாரு.

அப்ப மறுபடி நிப்பீங்களாண்ணேன்னு கேட்டேன்.

"மொதல்ல ரசீதுல தேதியைப் போடு"ன்னாரு.