4×5 அங்குல ஃபில்ம் கமராவுக்கு மலிவான ட்ரைபொட் எது? படம் ஆடுகிறது, உதவி தேவை

நிலாவெளிப் பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் படிக்கிறேன். கொழும்பில் ஸ்டூடியோ ஒன்று மூடியபோது மாமா வாங்கி வைத்த காம்போ மொனோரெயில் கமரா (முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தண்டில் நகரும் வகை) இப்போது என்னிடம், 150 மிமீ லென்ஸோடு. லென்ஸும் சேர்த்தால் மூன்று கிலோவுக்கு மேல் வரும். டிஜிட்டலுக்கு வாங்கின மெல்லிய அலுமினிய ட்ரைபொட்டில்தான் பூட்டுகிறேன், கமரா பூட்டும் தலை பால் ஹெட் (உருண்டையில் திரும்புவது). எவ்வளவு இறுக்கினாலும், ஃபோகஸ் பண்ணி முடித்து ஃபில்ம் ஹோல்டரைச் செருகும் நேரத்தில் முன்பக்கம் மெல்லக் குனிந்துவிடுகிறது. கோணேசர் கோவில் மலையில் இருந்து எடுத்த நெகட்டிவில் பாறை விளிம்பெல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்திருக்கு. வகுப்பில் நாலு பேர் இதே கமராவை மாறி மாறிப் பாவிக்கப் போகிறோம், எல்லோரும் போட்டால் 25,000 ரூபா தேறும். "15 கிலோ தாங்கும்" என்று போட்ட கார்பன் ஃபைபர் ட்ரைபொட் ஒன்று இந்த விலைக்குள் கிடக்கிறது. எடுக்கலாமா?

உவர்மலைக்காரன்:
எடுக்க வேண்டாம் தம்பி. அந்த 15 கிலோ, கால் வழுக்காமல் எவ்வளவு பாரம் சுமக்கும் என்ற கணக்கு மட்டும்தான். உங்களுக்குப் பிரச்சினை பாரம் இல்லை, முறுக்கு. மொனோரெயிலில் பாரம் ஒரு இடத்தில் நிற்காது, பெல்லோஸை (நடுவிலுள்ள மடிப்புத் துருத்தி) இழுக்க இழுக்க முன்னுக்குப் போகும், அதோடு பெல்லோஸ் பாய் விரித்த மாதிரி காற்றைப் பிடிக்கும். கடையில் பார்க்கும்போது காலை முழுசாக நீட்டி, தலையை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருகிப் பாருங்கள். கால்கள் சுருண்டு திரும்பி வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாங்கோ, என்ன நம்பர் போட்டிருந்தாலும் சரி.

இப்போது இருக்கிறதையும் ஒருக்கால் சோதித்துப் பாருங்கள். விரல் நகமளவு கண்ணாடித் துண்டை லென்ஸ் போர்டில் (லென்ஸ் பூட்டிய தட்டு) டேப்பால் ஒட்டி, வெயிலை அதில் பட வைத்து, தூரத்தில் நிழலாக இருக்கிற ஒரு சுவரில் அந்த ஒளிப்பொட்டு விழ விடுங்கள். கமரா அசையும் கோணத்தைப் போல இரண்டு மடங்கு அந்தப் பொட்டு அசையும், அதனால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் சுவரில் தெரியும். ஹோல்டரைச் செருகுங்கள், டார்க் ஸ்லைடை (ஹோல்டரில் ஃபில்மை மறைக்கும் தகடு) இழுங்கள், பொட்டு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். கேபிள் ரிலீஸை (ஷட்டரை அழுத்தும் வயர்) அழுத்தும்போது மட்டும் துள்ளுகிறது என்றால் கேபிள் விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு ட்ரைபொட் வாங்கிப் பிரயோசனம் இல்லை.

திருமலை அக்கா:
நெகட்டிவ் முழுக்க ஒரே திசையில் இரட்டித்திருந்தால் ஆட்டம்தான். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் முன் ஸ்டாண்டர்ட் (லென்ஸ் நிற்கும் சட்டம்) சரிந்திருக்கு, அதன் பூட்டுக் குமிழ்களை முதலில் பாருங்கள். குனிகிற கதைக்குக் காரணம் பால் ஹெட். ஒரே ஒரு குமிழைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஒன்றாக விடுபடுகிற தலையில் இவ்வளவு நீளக் கமராவை மட்டம் பார்ப்பது பெரிய கரைச்சல். முன்பின், பக்கவாட்டு, சுழற்சி என்று மூன்றுக்கும் தனித்தனிக் கைப்பிடி உள்ள தலை எடுங்கள். மான்ஃப்ரோட்டோ 229 அல்லது அதற்கு முந்திய 029, இரண்டும் பழசாகக் கிடைத்தால் விடாதீர்கள். காசில் பெரும்பங்கைத் தலைக்கே போடுங்கள்.

இன்னொன்று, உங்கள் ரெயில் கிளாம்பின் (கமராத் தண்டை ட்ரைபொட்டில் பிடிக்கும் துண்டு) அடியில் துளை 3/8 அங்குலமா 1/4 அங்குலமா? 3/8 துளைக்குள் 1/4க்கான சின்னப் புஷ் (புரி வெட்டின வளையம்) திருகி வைத்திருப்பார்கள், காசு வைத்துத் திருப்பினால் கழன்று வரும். மூன்று கிலோக் கமராவை 1/4 திருகில் நிறுத்தினால் காற்றடிக்கையில் தானாகவே சுழன்று தளரும்.

கன்னியா வெந்நீர்:
அக்கா சொன்ன தலையை வாங்கினால் காலுக்கு எங்கே காசு? அதனால் சேவையர் முக்காலியைத் தேடுங்கள். டம்பி லெவலுக்கு (நிலமட்டம் பார்க்கும் கருவி) வைக்கிற பழைய மரக் கால்கள், வேலை செய்யாத தியோடலைட்டோடு (கோணம் அளக்கும் கருவி) சேர்ந்து நில அளவையாளர்களின் களஞ்சியத்தில் சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள். உயர்த்தி இறக்கும் நடுத்தண்டே இல்லை, அடியில் இரும்புக் கூர், மரம் அதிர்வையும் கெதியாக அடக்கும்.

தலை பூட்டுவதுதான் சின்ன வேலை. அந்த முக்காலியின் நடுத்திருகு பெரும்பாலும் 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 புரி. கமராத் தலைக்கு வேண்டியது 3/8, 16 புரி. மாற்றுத்துண்டு விற்கிறார்கள், ஆனால் அதுவும் தேவையில்லை. நடுத்திருகைக் கழற்றிவிட்டு, ஹாட்வெயார் கடையில் "மூன்று நூல்" (3/8 அங்குல) போல்ட்டும் தடித்த பெரிய வாஷரும் வாங்கி அடியில் இருந்து ஏற்றி இறுக்கினால் சரி. 10 மிமீ போல்ட்டைத் தந்துவிடுவார்கள், கவனம், அது ஏறாது. பலவந்தமாகத் திருகினால் தலையின் புரி போய்விடும்.

ஒரு தொல்லை: ஊருக்குள் அந்த மஞ்சள் முக்காலியை விரித்தவுடனே சனம் கூடிவிடும். யாருடைய காணி, யார் அளக்கச் சொன்னது என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அது சின்னக் கேள்வி இல்லை, எனவே படம் எடுக்கத்தான் வந்தோம் என்று தெரிய, ஃபோகஸ் பார்க்கத் தலையில் போர்த்துகிற கறுப்புத் துணியை முதலிலேயே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

பாலையூற்றுப் பஸ்:
மரக் காலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆறு கிலோ கால், தலை தனி, கமரா தனி, ஹோல்டர் பை தனி. அதோடு அது ஒரு மீற்றருக்குக் கீழே இறங்காது, தரையோடு ஒட்டி எடுக்கவே ஏலாது. மொனோரெயில் எப்படியும் ஸ்டூடியோ உடம்புதான், நாலு பேரும் கட்டடம், ஆள் என்று எடுப்பதானால் மரக்கால் சரி. ஊர் சுற்றுவதென்றால் பழைய மான்ஃப்ரோட்டோ 055 அலுமினியக் கால் பாருங்கள், ஆனால் நடுத்தண்டை மட்டும் உயர்த்தாதீர்கள். அதை உயர்த்தினால் ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரித்தான், மூன்று காலுக்குக் கொடுத்த காசு வீண்.

நிலாவெளிப் பொடியன்:
நன்றி அண்ணாமார், அக்கா. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஹோல்டர் செருகியதும் பொட்டு சுவரில் ஒரு சாண் தூரம் ஓடுகிறது! துளை 3/8தான், புஷ் கழன்று வந்துவிட்டது. நாங்கள் எடுப்பது பெரும்பாலும் கோட்டையும் பழைய வீடுகளும், ஆகவே மரக்கால் தேடுகிறோம். இரண்டு சந்தேகம். கச்சான் காற்று நேரம் என்ன செய்வது? மணலில் கூர் இறங்கிக்கொண்டே போகாதா?

உவர்மலைக்காரன்:
மணலுக்குக் கூரின் கீழே பலகைத் துண்டோ ஓட்டுத் துண்டோ வையுங்கள். சீமெந்துத் தரையில் நேர்மாறாக வழுக்கும், மூன்று காலையும் கயிற்றால் சுற்றிக் கட்டினால் விரியாது. கச்சானுக்கு: உரப்பையில் பாதி மணல் போட்டு முக்காலியின் நடுவில் தொங்கவிடுங்கள், பை நிலத்தை மெல்லத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், அந்தரத்தில் விட்டால் அதுவே ஊசலாடி ஆட்டத்தைக் கூட்டும். காற்று வருகிற பக்கம் ஒருவர் குடை பிடிக்கலாம், நாலு பேர் இருக்கிறீர்கள்தானே. டார்க் ஸ்லைடை இழுத்த பிறகு பொட்டு அடங்க எடுத்த நேரத்தை விடக் கொஞ்சம் கூடவே பொறுத்து, காற்று விட்ட இடைவெளியில் அழுத்துங்கள். எஃப் 22இல் (லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கி) நிழலுக்குள் அரை விநாடி, ஒரு விநாடி எல்லாம் சாதாரணம், அந்த நேரத்தில்தான் ஆட்டம் நன்றாகப் பதியும்.

திருமலை அக்கா:
கடற்கரைக்குப் போய் வந்தால் ட்ரைபொட் தலையை நனைக்காமல் அதன் கால்களை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். போல்ட் வாங்கும்போது முக்காலியின் மேல்தட்டையும் கையோடு கொண்டுபோங்கள். தட்டுக்கு மேலே அரை அங்குலம் வெளியே நின்றால் காணும். கூட நீண்டால் தலை தட்டில் உட்காராது, ஒரு வாஷர் சேர்த்துச் சமாளிக்கலாம்.