பவுன்ஸுக்குத் தமிழ்: துள்ளலா, மீண்மடலா, திரும்புமடலா?

திருச்சியிலிருந்து, செவ்வாய் காலை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மெயில்மேன் என்னும் மென்பொருளில் மடற்குழுக்களை (ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் மின்னஞ்சல் குழுக்களை) நடத்தும் ஆசிரியர்களுக்கான கையேடு முடியும் நிலையில் இருக்கிறது. சனிக்கிழமை பயிற்சி, வெள்ளி மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். மட்டுறுத்தல், தொகுப்புமடல், காப்பகம் எல்லாவற்றுக்கும் சொல் வைத்துவிட்டோம். பவுன்ஸ் ஒன்றில்தான் நிற்கிறேன்.

இந்தச் சொல் இல்லாமல் பாதிக் கையேட்டை எழுத முடியாது. உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பியது சேரவில்லை என்றால் அதைப் பற்றி மெயில்மேனுக்கு ஓர் அறிக்கை வருகிறது. அதுதான் பவுன்ஸ். அப்படி ஒரு முகவரியே இல்லை என்பது போன்ற நிரந்தரக் காரணம் என்றால் அவர் கணக்கில் 1 புள்ளி ஏறும். தற்காலிகக் காரணம் என்றால் அரைப் புள்ளி. ஒரு நாளில் ஒரு முறைதான் ஏறும். 7 நாள் புதிதாக எதுவும் வராவிட்டால் பழைய கணக்கு செல்லாது. 5 புள்ளி ஆனதும் அவருக்கு மடல் போவது நிற்கும். அப்புறம் வாரத்துக்கு ஒன்றாக 3 எச்சரிக்கை, அதற்கும் அசைவில்லை என்றால் பெயரே நீங்கிவிடும். இவை நிறுவும்போதே இருக்கும் அளவுகள், பொறுப்பாளர் மாற்றிக்கொள்ளலாம்.

நம் பழைய வரைவில் ‘துள்ளல்’ என்று வைத்திருந்தோம். சென்ற மாதம் எந்தத் தவறும் செய்யாத பலருக்கு ஒரே வாரத்தில் மடல் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். ‘நீங்கள் அதிகமாகத் துள்ளியதால் மடல்கள் நிறுத்தப்பட்டன’ என்று எச்சரிக்கையில் இருந்ததாம். “நான் என்னப்பா துள்ளினேன்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. இந்தச் சொல்லை இனி யாருக்கும் அனுப்ப மாட்டேன். மாற்றுச் சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து, செவ்வாய் மதியம்

தம்பிக்கு வாழ்த்துகள். ‘மீள்’ என்னும் வேர் இருக்கையில் எங்கும் அலைய வேண்டியதில்லை. போனது மீளும். ஆனால் ‘மீள்மடல்’ என்று எழுதிவிடாதீர்கள். ளகர ஒற்றின் முன் மகரம் வந்தால் ணகரம் ஆகும். நாள், மலர் சேர்ந்து நாண்மலர் ஆவது போல இது மீண்மடல்.

அனுப்பிய ஓலை மீள்வது நமக்குப் புதிதா? சிலம்பில் வேனிற்காதையைப் பாருங்கள். மாதவி எழுதிய ஓலையை வசந்தமாலை கூல மறுகில் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். ‘திருமுகம் மறுத்ததற்கு இரங்கி’ அவள் திரும்புகிறாள். மாதவி என்ன சொல்கிறாள்? மாலையில் வாரார் ஆயினும் காலையில் காண்போம் என்கிறாள். புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகமாணி கையில் மறுபடி ஓலை அனுப்புகிறாள், அது சேர்ந்துவிடுகிறது. உங்கள் வழங்கிகளும் (சர்வர்களும்) உடனே கைவிடாமல் திரும்பத் திரும்ப முயல்கின்றன என்று சிங்கப்பூர்த் தம்பி ஒருமுறை எழுதினாரே, அதேதான் இது. முடங்கல், திருமுகம், ஓலை, மடல் என்று நம்மிடம் எத்தனை சொல்! இவற்றுள் மடல் என்பது தாழைக்கும் பனைக்கும்...

(மடலூர்தல் பற்றியும் ஆழ்வாரின் இரு திருமடல்கள் பற்றியும் தனியாக எழுதுகிறேன். இப்போது சொல்லை முடிவு செய்யுங்கள்.)

கோவையிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, மன்னியுங்கள். இன்று என் வகுப்பில் பலகையில் ‘மீண்மடல்’ என்று எழுதிப் படிக்கச் சொன்னேன். மூன்றில் ஒருவர் ‘மீன்மடல்’ என்று படித்தார்கள். இலக்கணம் சரிதான், ஆனால் படிப்பவர் தடுக்கி விழுகிறாரே.

காசோலை திரும்பினால் கடைத்தெருவில் ‘செக் பவுன்ஸ் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று நன்னூலே வழிவிட்டிருக்கிறது. பவுன்ஸ் என்றே விடலாமே?

மதுரையிலிருந்து, புதன் அதிகாலை

நன்னூலார் புகவிட்டது காலத்தோடு வரும் புதுவழக்கை. கதவைக் கழற்றிவிடச் சொல்லவில்லை. தொல்காப்பியரும் வடசொல்லை ஏற்கும்போது ‘வடவெழுத்து ஒரீஇ’ என்றுதான் ஏற்றார். பவுன்ஸ் எந்த வினையாகத் திரியும்? பவுன்ஸினான், பவுன்ஸிய, பவுன்ஸாத என்று எழுதிப் பாருங்கள். வேர்விடாத சொல்லில் கிளை வராது.

மீனைப் பற்றியும் ஒன்று. மின்னுவதால் மீன் என்பார்கள். அப்படியானால் விண்மீனும் நீர்மீனும் அந்த ஒரு வேர். மின்னஞ்சலில் உள்ள மின்னும் அதுவே. மாணவர் மீன்மடல் என்று படித்தாலும் மின்மடலுக்கு வெகு தூரம் போய்விடவில்லை.

சிங்கப்பூரிலிருந்து, புதன் மதியம்

எல்லோருக்கும் வணக்கம். வேர் தேடும் முன் பொருளைப் பார்ப்போம். திரும்பி வருவது நாம் அனுப்பிய மடல் அன்று. ‘கொடுக்க முடியவில்லை’ என்று ஏதோ ஒரு வழங்கி புதிதாக எழுதும் அறிக்கை அது. அதனால்தான் அதன் உறையில் அனுப்புநர் இடம் வெறுமையாக இருக்கும். அங்கே முகவரி இருந்தால் என்ன ஆகும்? அறிக்கை சேரவில்லை என்று இன்னோர் அறிக்கை, அதுவும் சேரவில்லை என்று மற்றொன்று. இரண்டு வழங்கிகளும் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும்.

மதுரை ஐயா சொன்ன மாலையும் காலையும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெறும் வழங்கியின் பதிலில் 4இல் தொடங்கும் எண் வந்தால் ‘பிறகு வா’ என்று பொருள். 4, 5 நாளாவது முயலச் சொல்கிறது மின்னஞ்சல் நெறி. 550 போல 5இல் தொடங்கினால் கோவலன் மறுத்த கதை.

சென்ற மாதச் சிக்கலின் காரணமும் இதோ. உறுப்பினர் ஒருவரின் அஞ்சல் நிறுவனம், ‘என் பெயரில் வருவது நான் இடும் மின்கையொப்பத்தோடு பொருந்தாவிட்டால் நிராகரியுங்கள்’ என்று அறிவித்திருக்கிறது. நம் குழுவோ தலைப்பில் குழுப்பெயரையும் அடியில் விலகும் வழியையும் சேர்க்கிறது. சேர்த்ததும் கையொப்பம் பொருந்தாமல் போகிறது. பிறர் வழங்கிகள் அந்த மடலை மறுக்கின்றன. ஆனால் புள்ளி ஏறுவது எழுதியவர் கணக்கில் இல்லை, பெற வேண்டியவர்கள் கணக்கில்! 2014 ஏப்ரலில் யாஹூ இந்தக் கொள்கைக்கு மாறியபோது உலகெங்கும் மடற்குழுக்கள் இப்படித்தான் தடுமாறின. மெயில்மேன் 2.1.18 முதல் இதற்கு ஓர் அமைப்பு உண்டு: அத்தகைய முகவரியிலிருந்து வருவதற்கு மட்டும் அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைத்து அனுப்பும். சொல் எதுவானாலும் இதைக் கையேட்டில் சேர்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் இரவு

சிங்கப்பூர்த் தம்பி சொன்னதோடு மீண்மடலும் போயிற்று, திரும்பிய மடலும் போயிற்று. வராததை வந்தது என்று ஏன் சொல்ல வேண்டும்? நடந்தது ஒன்றுதான்: சேரவில்லை. ஆகவே ‘சேராமடல்’. செல்லாக்காசு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘சேராமை’ என்று பெயராக்கினால் ‘சேராமைப் புள்ளி’ தானாக வரும்.

எங்கள் பக்கத்தில் தபாற்கந்தோர் என்போம். கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அதற்காக அதை நாங்கள் வெட்கத்தோடு சொல்வதில்லை. தூய்மைக்காக நான் வாதாடவில்லை. பொருள் பிழைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து, வியாழன் காலை

அம்மா, சேராமடல் அழகாக இருக்கிறது. எனக்கு ஒரு தயக்கம். ‘உங்களுக்குச் சேராதது’ என்றால் ‘பொருந்தாதது, ஒத்துக்கொள்ளாதது’ என்றும் வீட்டில் கொள்வார்கள். கத்தரிக்காய் சேராது என்கிறோமே.

கோவையிலிருந்து, வியாழன் மதியம்

நேற்று ‘திரும்புமடல்’ என்று எழுதிக் காட்டினேன். படித்தவர் ஒருவரும் தடுக்கி விழவில்லை. தபால் திரும்பி வந்ததைப் பார்க்காத வீடு இல்லை. வினைத்தொகை என்பதால் காலத்தைப் பற்றிய கவலையும் இல்லை. பவுன்ஸை விட்டுவிட்டு இதற்கு வருகிறேன்.

திருச்சியிலிருந்து, வெள்ளி காலை

எல்லோருக்கும் நன்றி. இரவு முழுதும் ‘சேராமடல்’, ‘திரும்புமடல்’ இரண்டையும் எச்சரிக்கை மடலில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். என் மனம் ‘திரும்புமடல்’ பக்கம் நின்றதற்குக் காரணம் தலைமையாசிரியரின் குரல்தான். திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. ‘மடல் திருப்பப்பட்டது’ என்றால் யார் திருப்பியது என்ற கேள்வி வரும். ‘மறுக்கப்பட்டது’ என்றால் தான் மறுத்ததாக அவர் எண்ணுவார். ‘உங்களுக்கு அனுப்பிய மடல்கள் திரும்பின’ என்றால் யார் மேலும் பழி இல்லை. உண்மையிலும் அவர் மேல் பழி இல்லையே.

வாக்கு கேட்டதில் திரும்புமடலுக்கு நால்வர், சேராமடலுக்கு இருவர், மீண்மடலுக்கு ஒருவர். திரும்புமடல், திரும்பற்புள்ளி என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். முகவரி மாற்றும் அமைப்பு 12ஆம் பக்கத்தில் படத்தோடு சேர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி மதியம்

அச்சுக்குப் போகட்டும், தடுக்கமாட்டேன். ஆனால் வராத மடலை வந்ததாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எனக்கு மனம் இல்லை. இங்கே அடுத்த மாதம் நடத்தும் வகுப்புக்கு அதே கையேட்டில் ‘சேராமடல்’ என்று மாற்றி எடுத்துக்கொள்கிறேன். மூலக் கோப்பை அனுப்பிவையுங்கள்.