மழை தொடங்கியதும் உரப்பானை நாறுகிறது, என்ன செய்யலாம்?

தக்கலைக்காரி:
மக்காத குப்பையில் எனக்குச் சிக்கல் இல்லை. பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு, சேர்ந்ததும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவேன். சிரட்டை வெந்நீர் அடுப்புக்குப் போகிறது. சமையலறைக் கழிவை மக்கவைக்கும் உரப்பானைதான் மானத்தை வாங்குகிறது. மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்குத் தோல், ஏத்தன் வாழைப்பழத் தோல், சக்கை (பலாப்பழ) மடல், சாளை மீன் தலை எல்லாம் அதில்தான். பங்குனியில் வாசனையே இல்லை. ஆனி மழை பிடித்ததும் அடியில் கறுப்புத் தண்ணீர் வடிகிறது, அழுகின முட்டை நாற்றம், மூடியைத் திறந்தால் புழு. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போகிறார். “பேசாம வாழை மூட்டுல கொண்டு தட்டு மக்களே” என்கிறார். வாழை அடியில் கொட்டிவிடவா?

ஈத்தாமொழி தென்னை:
அவசரப்படாதீங்க அக்கா. முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்றில்லை, ஈரம் அதிகம் என்று அர்த்தம். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கிளறுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் தும்பு (தேங்காய் நார்) ஆலையில் நார்த்தூள் கிடைக்கும். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த தூள் என்று கலந்து, கைநிறைய எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வந்தால் இன்னும் தூள் போடணும். பானை அடியில் துளை இருக்கிறதா? செங்கல் மேல் தூக்கி, கூரைத் தண்ணீர் விழாத இடத்தில் வையுங்கள்.

குலசேகரம் ரப்பர்:
நார்த்தூளுக்குக் காசு எதற்கு? தை, மாசியில் ரப்பர் இலை கொட்டும்போது அள்ளி உரச்சாக்கில் கட்டி விறகுப்புரையில் போட்டுவிடுவேன். இந்த வருடம் ஒன்பது சாக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெயில் காலத்தில் சேர்த்தால்தான் உண்டு. சக்கை மடலை முழுசாகப் போடாதீங்க, கத்தியில் எண்ணெய் தடவித் துண்டு துண்டாக நறுக்கிப் போடுங்கள். அப்புறம் அந்தப் புழு பழுப்பாய், தட்டையாய், வரி வரியாய் இருந்தால் விட்டுவிடுங்கள், அதுதான் பாதி வேலை செய்கிறது. கோழி இருந்தால் அதற்கும் விருந்து.

குளச்சல் கரை:
சாளைத் தலையைப் பானையில் போட்டால் எந்த இலையும் காப்பாற்றாது தங்கச்சி. மாமியார் சொன்னதில் பாதி சரி: மீன் கழிவை மட்டும் வாழை மூட்டிலிருந்து தள்ளி ஒரு அடி ஆழத்தில் புதைத்து, மேலே கல் வையுங்கள், இல்லாவிட்டால் நாய் தோண்டும். இல்லை என்றால் மீன் அமிலம் போடுங்கள். கழிவு எவ்வளவோ அதே எடைக்கு வெல்லம், மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில் ஒரு மாதம். தேன் பதத்துக்கு வந்ததும் வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம்.

தக்கலைக்காரி:
இன்று காலை மழை விட்ட நேரத்தில் கொட்டிக் கிளறினேன். துளையை ஒரு மாங்கொட்டை அடைத்திருந்தது. அடியில் சித்திரையிலிருந்து தேடிய எவர்சில்வர் கரண்டியும் கிடைத்தது. வேலைக்கு வந்த பிள்ளை எடுத்திருப்பாள் என்று மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்கள்.