மரம் ஏறிக் கிளை அறுப்பவருக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

கோபி எழுதியது, திங்கள் காலை:

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ஆள்பெயரைவிட ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் கோபி.

கயிறு கட்டி மரம் ஏறி, கிளைகளை அறுத்து இறக்குபவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்று மொழிபெயர்க்க வந்திருக்கிறது. 64 பக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, அட்டையில்தான் மாட்டிக்கொண்டேன். மூலத்தில் 'ட்ரீ சர்ஜன்'. நான் 'மர அறுவை மருத்துவர்' என்று போட்டேன். தட்டச்சு செய்யும் பெண், "ஏனுங்க்கா, மர அறுவை மில்லுக்கு எதுக்குங்க டாக்டரு?" என்று கேட்டாள். அப்புறம்தான் உறைத்தது. பலகை அறுக்கிற மில் பலகையில் அதேதானே எழுதியிருக்கிறது? 'அறுவை'க்குக் கல்லூரிப் பையன்கள் வைத்திருக்கும் பொருளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூடவே ஒன்று. ஏறுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸுக்குச் 'சேணம்' என்று எழுதியிருக்கிறேன். குதிரை நினைப்பு வருகிறது. உதவுங்கள்.

பேரூர் எழுதியது:

அம்மிணி, மருத்துவர் இருக்கட்டும், அறுவையை விடுங்கள். தொல்காப்பிய மரபியலில் மரத்தின் உறுப்புகளைச் சொல்லும்போது 'சினை' வருகிறது. முதல், சினை என்று நாம் இலக்கணத்தில் படித்ததும் அதுதான். மரம் முதல், கிளை சினை. ஆகவே 'சினை மருத்துவர்'. சுருக்கம், தூய்மை, இலக்கணத்தின் ஆதரவு எல்லாம் உண்டு.

இன்னொன்று. அதே மரபியலில், 'புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப' என்று இருக்கிறது. வைரம், அதாவது கெட்டியான பகுதி, வெளிப்புறத்தில் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். உங்கள் கையேட்டில் தென்னை, பனை வந்தால் அவற்றை மரம் என்று எழுதுவது பிழை.

காங்கேயம் எழுதியது:

புலவரய்யா, சினை மருத்துவர் என்று எங்க ஊரில் பலகை மாட்டினால் விடிகாலையில் பத்து மாடு வாசலில் நிற்கும். எங்களுக்குச் சினை என்றால் ஒன்றே ஒன்றுதான். பாவம், அந்த ஆள் ரம்பத்தோடு வெளியே வருவார்.

தென்னையைப் புல் என்று பொள்ளாச்சிக்காரர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்க.

மேட்டுப்பாளையம் எழுதியது:

நான் வனவியல் படித்தவன். என் சிக்கல் சொல்லில் இல்லை, உருவகத்தில். ஆங்கிலத்திலேயே 'சர்ஜன்' பழசாகி 'ஆர்பரிஸ்ட்' முன்னே வந்துவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. முன்பெல்லாம் மரப்பொந்தைச் சுரண்டிச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள், வெட்டின இடத்தில் தார் பூசினார்கள். அறுவை சிகிச்சை செய்கிற நினைப்பு. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ மரங்களை ஆயிரக்கணக்கில் பிளந்து பார்த்தார். மரத்தில் காயம் ஆறுவதில்லை என்று 1970களில் எடுத்துச் சொன்னார். நம் தோல்போல அழிந்த திசு மீண்டும் அங்கே வளராது. மரம் அந்த இடத்தைச் சுற்றிச் சுவர்போலத் தடுப்பு எழுப்பி அழுகலை உள்ளேயே அடைத்துவிட்டு, புதுக் கட்டையை மேலே வளர்த்துக்கொள்கிறது. வெட்டுபவர் செய்யக்கூடியது அந்தச் சுவருக்கு இடைஞ்சல் பண்ணாமல் இருப்பது. இதில் மருத்துவர் எங்கே வந்தார்?

என் யோசனை 'கவாத்தாளர்'. ஊட்டி ரோஜாவுக்கும் தேயிலைக்கும் கவாத்து என்று எல்லோரும் சொல்கிறோம். இல்லையென்றால் 'ஆர்பரிஸ்ட்' என்றே விட்டுவிடலாம்.

பேரூர் எழுதியது:

கவாத்து போலீஸ்காரர்கள் செய்வது. அரபியில் கிளம்பி உருதுவழி வந்த சொல்லை வைத்துக்கொண்டு தமிழ் வளர்க்க வேண்டாம்.

இலத்தீனில் மரத்தைக் குறிக்கும் 'ஆர்பர்' வேண்டுமானால் வரட்டும், அது நம் பிள்ளை. அரும்பு, அரும்பர், ஆர்பர். மரத்தில் முதலில் தெரிவது அரும்பு. அரும்புவதே மரம். இலத்தீன்காரர்கள் நம்மிடம் மிளகு வாங்கியதோடு நிற்கவில்லை.

மேட்டுப்பாளையம் எழுதியது:

ஐயா, ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. அப்படிப் பார்த்தால் ஆர்பரும் 'ஆர்ப்பரி'யும்கூடப் பங்காளிகள்தான்.

பேரூர் எழுதியது:

அதையும் யோசித்து வைத்திருக்கிறேன். காற்றில் மரம் ஆர்ப்பரிக்கிறது அல்லவா?

கோபி எழுதியது, செவ்வாய்:

ஐயா, சார், வெள்ளிக்கிழமை.

பொள்ளாச்சி எழுதியது:

அக்கா, இந்தக் குழுவில் மரம் ஏறுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். ஒன்பது வருசமாக இதே பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்களுக்குப் பெயரே கிடையாது. கூப்பிடுகிறவர்கள் "மரம் வெட்ற தம்பிங்களா?" என்பார்கள். நான் வெட்டவா போகிறேன்? வீட்டுமேல் சாய்ந்த வேப்பமரத்தில் இரண்டு வாது (கிளைதான்) எடுத்தால் போதும் என்று சொல்லிப் பல மரத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். 'மரமேறி' என்று மட்டும் யாரும் யோசனை சொல்லிவிடாதீங்க. எங்க தாத்தா பனை ஏறினவர். அந்தச் சொல்லை அவர்மேல் எந்தக் குரலில் வீசினார்கள் என்று வீட்டில் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சேணத்தை எடுத்துவிட்டுச் சுலபமாக 'இடைவார்' என்று யாராவது சொல்வதற்கு முன்னால் ஒரு விசயம். நாங்கள் பேச்சில் பெல்ட் என்போம், ஆனால் புத்தகத்தில் அப்படிப் போடாதீங்க. இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் வேறு. அதை நம்பித் தொங்கினால் வயிறு நசுங்கும், தலைகுப்புறக் கவிழ்ந்தால் உருவிக்கொண்டு போகும். இதில் தொடைக்கும் வார் உண்டு, உட்கார்ந்த மாதிரி தொங்கலாம். கையேட்டில் பெல்ட் என்று படித்துவிட்டுப் புதுப்பையன் ஒருத்தன் கடையில் போய் இடுப்பு பெல்ட் வாங்கிக்கொண்டு வருவான். நான் அப்படித்தான் வாங்கினேன். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று சொல்லிக் கொடுத்தார். கயிறும் அங்கேயே, பந்தல்காரர்கள் வாங்குகிற நைலான். முடிச்சு உரசின இடத்தில் இளகிப் பளபளவென்று ஆனதைப் பார்த்து அன்றைக்கே இறங்கிவிட்டேன். இப்போது வைத்திருப்பது 13 மி.மீ. ஏறு கயிறு.

கயிற்றில் போடுகிற முடிச்சுக்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும், கையால் தள்ளினால் வழுக்கி நகரும். ப்ரூசிக் அதில் ஒரு வகை. நான் என் ஆட்களுக்குப் 'பிடிமுடிச்சு' என்று சொல்லித் தருகிறேன், உடனே புரிந்துகொள்கிறார்கள்.

ரம்பம்: பெரிய பட்டை போட்ட மெஷினைத் தரையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே கொண்டுபோவது கைப்பிடி மேல்பக்கம் இருக்கிற சின்னது, மூன்று மூன்றரைக் கிலோ வரும். லேசாக இருப்பதுதான் அதில் ஆபத்தே. ஒரு கையால் பிடித்து அறுக்கலாம்போல ஆசை காட்டும். அறுக்கும்போது கயிறு ஒன்று, நடுவில் இரும்புக்கம்பி ஓடுகிற குட்டைக்கயிறு ஒன்று, இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். ரம்பம் தவறிப் பட்டாலும் கம்பி உடனே அறுந்துவிடாது. காலில் கட்டுகிற கால்முள் வைத்து ஏறுவது அடியோடு எடுக்கப்போகிற மரத்தில் மட்டும். உயிரோடு விடப்போகிற மரத்தில் அது அடிக்கு அடி ஓட்டை போட்டுவிடும்.

அப்புறம் வெட்டு. கனமான வாதுக்கு மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து தள்ளிக் கீழேயிருந்து கொஞ்சம், பிறகு அதற்கு வெளியே மேலேயிருந்து. வாது விழுந்துவிடும், பட்டை உரிந்து தண்டோடு வராது. மிஞ்சின குச்சியைக் கடைசியாக எடுக்க வேண்டும். தண்டோடு ஒட்ட வழிக்கக் கூடாது. வாது சேருகிற இடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும், அதை விட்டு அறுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்து சார் சொன்ன சுவர் அங்கேதான் எழும்புகிறது. படித்துத் தெரிந்துகொண்டதில்லை. ஒட்ட அறுத்த மரம் நாலைந்து வருசத்தில் பொந்தாகி, அதை எடுக்க மறுபடி நானே போனேன்.

எங்க ஊரில் இதற்கெல்லாம் 'கழிக்கிறது' என்றுதான் பேச்சு. வாது கழிக்கிறது, மரம் கழிக்கிறது.

காங்கேயம் எழுதியது:

தம்பி சொல்வது சரி. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்து வெள்வேல மரத்தையும் கழிக்கத்தான் செய்கிறோம். 'வாது கழிப்பாளர்' என்றே வைத்துவிடலாமே?

கோபி எழுதியது:

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தப் புத்தகம் திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் போகும். அங்கே வாது என்றால் சண்டை. 'கழிப்பு' என்று வேறு வந்தால் எல்லோருக்கும் கழிப்பறைதான் நினைவுக்கு வரும்.

காங்கேயம் எழுதியது:

வாது வளர்ந்தால் கழிப்பவர். இந்தக் குழுவுக்கே ஒருத்தர் தேவைப்படுகிறார்.

மேட்டுப்பாளையம் எழுதியது:

சரி, நடுவழி ஒன்று. 'மரம் பேணுநர்'. மருத்துவம் இல்லை, வெட்டு இல்லை, மாடும் இல்லை. 'மரப்பேணுநர்' என்று ப் போடலாமா, புலவரய்யா? பேணுநரா, பேணுனரா?

பேரூர் எழுதியது, புதன் இரவு:

'நர்' விகுதியைப் பற்றி 40 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இங்கே சுருக்குகிறேன். ஓட்டுநர், இயக்குநர், பேணுநர். 'னர்' போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ப் வராது. மரத்தைப் பேணுபவர், இரண்டாம் வேற்றுமைத் தொகை. புறநானூற்றில் அவ்வையார் 'மரங்கொல் தச்சன்' என்கிறார், 'மரக்கொல்' என்று சொல்லவில்லை. மகரம் ஙகரமாகத் திரிகிறது, வல்லினம் இரட்டிக்கவில்லை. பகரத்துக்கு முன்னால் மகரம் அப்படியே நிற்கும். 'மரம்பேணுநர்' என்று சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் என் ஒப்புதல் புணர்ச்சிக்கு மட்டும். பேணுவது என்றால் தண்ணீர் ஊற்றுகிறவரும் பேணுநர்தான், எரு வைக்கிறவரும்தான். எங்கள் கோயிலில் இறவாப் பனை, பிறவாப் புளி என்று இரண்டு உண்டு. பனை சாகாது, புளியின் விதை முளைக்காது. அவற்றை யார் பேணினார்கள்? இந்தத் தொழிலின் உயிர் ஏறுவதிலும் அறுப்பதிலும் இருக்கிறது. தம்பி எழுதியதைப் படித்தபோது 'நுனிக்கொம்பர் ஏறினார்' குறள்தான் நினைவில் ஓடியது. ஏற்றமும் அறுப்பும் இல்லாத சொல் எனக்கு உவப்பில்லை. 'சினையறுநர்' என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காங்கேயம் எழுதியது:

அய்யோ, அது இன்னும் மோசம்ங்க.

கோபி எழுதியது, வியாழன்:

அட்டையில் 'மரம்பேணுநர் பாதுகாப்புக் கையேடு'. உள்ளே தொழிலைச் சொல்கிற இடமெல்லாம் 'கிளை கழித்தல்'. ஹார்னஸுக்குத் 'தொடைவார்ச் சேணம்', முதல் பக்கத்தில் படத்தோடு, இடுப்பு பெல்ட் அல்ல என்று தடித்த எழுத்தில். முடிச்சு, தம்பியின் 'பிடிமுடிச்சு' அப்படியே. சினையறுநரை ஏற்கவில்லை, மன்னிக்கணும் ஐயா. தென்னையை மரம் என்றே விட்டுவிட்டேன்.

தம்பி, உங்களுக்கு இந்தச் சொல் ஒத்துவருமா? கடைசியில் சுமக்கப்போவது நீங்கள்.

பொள்ளாச்சி எழுதியது:

பரவாயில்லைங்க அக்கா. வரும் தையில் கல்யாணம். பத்திரிகையில் என் பேருக்குக் கீழே என்ன போடுவது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். மரம்பேணுநர் என்று காட்டினேன். "இதுக்குச் சம்பளம் யாரு தருவாங்க?" என்று கேட்டார். இப்போதைக்குச் 'சுயதொழில்' என்று போட்டிருக்கிறோம்.

வேறொரு விசயம். சின்ன ரம்பத்தின் சங்கிலி தீட்ட 4 மி.மீ. உருண்டை அரம் வேண்டும். கோவையில் எந்தக் கடையில் கிடைக்கும்?

பேரூர் எழுதியது:

அரம் என்றதும் 997ஆம் குறள். 'அரம்போலும் கூர்மைய ரேனும்' என்று தொடங்கி 'மரம்போல்வர்' என்று வருகிறது. அரமும் மரமும் ஒரே குறளில் எதுகையாக நிற்பதைக் கவனித்தீர்களா? 'அரக்குதல்' என்ற வினையையும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

பொள்ளாச்சி எழுதியது:

எழுதுங்க ஐயா. கடை தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்க.